பழையனூர் வாக்கும் புள்ளலூர் வயலும்

மத்ரஸாவில் அன்று ஹுதைபிய்யா உடன்படிக்கையைப் பற்றிய பாடம். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு அந்த உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே, விலங்கிடப்பட்ட கால்களோடு அபூஜந்தல் (ரலி) அவர்கள் அடைக்கலம் தேடி வந்து சேர்ந்த நிகழ்ச்சியை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவரைத் திருப்பி அனுப்புவது அங்கிருந்த ஒவ்வொருவருடைய நெஞ்சையும் பிளந்தது. ஆயினும் ஒப்புக்கொண்ட சரத்துக்குக் கட்டுப்பட்டு, பொறுமையைக் கைக்கொள்ளுமாறு கூறி, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பியனுப்பினார்கள். பாடம் முடியும் தறுவாயில் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், மத்த ராஜாங்களும் எழுதிக் கொடுத்ததை இப்படிக் காப்பாத்துனாங்களா?"

நான் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். சில பெயர்களும் ஆண்டுகளும் உடனே நாவுக்கு வந்தன. ஆனால் ஆண்டுகளை அடுக்கிக் காட்டினால் அந்தப் பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடாது என்று தோன்றவே, "விடுமுறை முடிந்து சொல்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்த அரையாண்டு விடுமுறையில்தான் திருவாலங்காட்டுக்குப் போகும் வாய்ப்பு ஏற்பட்டது. அரக்கோணத்தில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். "ஹஜ்ரத், நீங்கள் பாடத்தில் சொன்ன ஹைதர் அலி சண்டை போட்ட இடமெல்லாம் எங்கள் பக்கம்தான்" என்று அவர் எழுதியிருந்தது என் ஆவலைத் தூண்டிற்று.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் ஆகிய நிலையங்களைக் கடந்து திருவாலங்காடு வருகிறது. நிலையம் ஓரிடம், கோயிலும் ஊரும் வேறிடம். மாணவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது இந்த ஊரில்தான் என்பதால் கரும்பு வயல்களின் நடுவே பயணம் செய்தோம். தேநீர்க் கடையில் பக்கத்துப் பெஞ்சில் இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தமிழில் கேட்டதற்கு அவர்களே தமிழில் பதில் சொன்னார்கள். எல்லைப்புறத்து மக்களின் நாவுக்கு இது ஓர் இயல்பு. திருத்தணி வட்டாரம் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1953இல் ஆந்திரத்தோடு போய், படாஸ்கர் பரிந்துரைத்த எல்லைத் திருத்தத்தின் பேரில் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. பேச்சுவார்த்தையால் வரையப்பட்ட எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கின்றன.

ஆலமரக் காடாக இருந்தமையால் ஆலங்காடு என்று பெயர். சைவ மக்கள் இவ்வூரை நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபையாகவும், காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய தலமாகவும் போற்றுகிறார்கள். வரலாறு படித்தவர்களுக்கோ திருவாலங்காடு என்றதும் செப்பேடுகள் நினைவுக்கு வரும். 1905இல் இங்கே கிடைத்த 31 ஏடுகள், இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பக்கத்திலுள்ள பழையனூரை இக்கோயிலுக்கு அளித்ததைச் சொல்கின்றன. ஓர் ஊரைக் கைமாற்றுவது அக்காலத்தில் அரசன் ஒருவனுடைய கையொப்பத்தோடு முடிந்துவிடவில்லை. ஆணை பல அதிகாரிகளின் கைகளைக் கடந்து வரவேண்டும். சுற்றுப்புறத்து ஊரார் கூடவேண்டும். பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அதன் பின்னே நடந்து எல்லை காணவேண்டும். யானை நடந்த வழி எது என்பதை ஊரே பார்த்திருக்கும். பின்னாளில் எவரும் மறுக்க இயலாது.

பழையனூருக்கு மற்றொரு கதையும் உண்டு. தீப்பாய்ந்த மண்டபத்தருகே எங்களைக் கண்ட முதியவர் ஒருவர், "வாங்க பாய், இது சொல்லுக்காக உசிரை விட்டவங்க இடம்" என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார். காஞ்சியிலிருந்து வந்த வணிகன் ஒருவனை, முற்பிறவியில் அவனால் கொலையுண்ட நீலி என்னும் பெண் பேயாகிப் பழிவாங்கத் தொடர்ந்தாளாம். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவர் என் கணவர், என்னைக் கைவிடுகிறார்" என்று பழையனூர் வேளாளர் சபையில் முறையிட்டாள். வணிகன் அஞ்சி நடுங்கினான். "நீ இவளோடு தங்கு, உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று சபையார் வாக்களித்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீ மூட்டி அதில் இறங்கினார்கள்.

உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது நம் மார்க்கத்தில் ஆகாத செயல். பேய்க்கதையையும் நான் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்த முதியவர் கதையைச் சொன்ன விதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நீலியைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் பேசினார். வாக்களித்த சபையைப் பற்றிப் பேசியபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. ஏமாற்றப்பட்டுக் கொடுத்த வாக்கு அது. "தெரியாமல் கொடுத்துவிட்டோம்" என்று அந்த எழுபது பேரும் தப்பியிருக்கலாம். அவர்கள் தப்பவில்லை என்பதே அவ்வூராருக்குப் பெருமை.

நண்பகலுக்குப் பின் தெற்கே பேரம்பாக்கம் வழியாகப் புள்ளலூர் சென்றோம். பல்லவர் காலத்திலேயே போர் கண்ட ஊர் அது. ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் அதன் பெயர் 'பொள்ளிலூர்' என்று இருக்கும்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகப் பிரதேசத்தில் இறங்கினார். குண்டூரிலிருந்து ஒரு படையை நடத்தி வந்த கர்னல் வில்லியம் பெய்லி, காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். ஆகஸ்டு 25 அன்று கொசஸ்தலையாற்றங்கரைக்கு வந்த பெய்லி அன்றே ஆற்றைக் கடக்கவில்லை. மறுநாள் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் 3 வரை கரையிலேயே கிடந்தார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். 10ஆம் தேதி புள்ளலூரில் தந்தையும் மகனும் சேர்ந்து அந்தப் படையைச் சூழ்ந்துகொண்டார்கள். மைசூரின் வாணங்கள் பாய்ந்தன, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, அவர் சிறைப்பட்டார். பக்சாரில் 1764இல் வெற்றி கண்ட அதே மன்றோ, சில மணி நேரத் தொலைவில் இருந்தும் உதவிக்கு வந்து சேராமல், பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போர் ஓவியமாக இருப்பதை வாசகர்களில் பலர் கண்டிருக்கலாம்.

இன்று அங்கே நெல் வயல். 1781 ஆகஸ்டு 27 அன்று இதே இடத்தில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட கம்பெனி அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் வயல் நடுவே நிற்கின்றன. மாண்ட சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

இத்தனை குருதி எதற்காக? பெரும் பகுதி, ஒரு காகிதத்துக்காக. 1769இல் ஹைதர் சென்னையின் வாசலுக்கே வந்து, பரங்கிமலையில் கம்பெனியைப் பேச்சுக்கு இழுத்தார். அந்த ஏப்ரலில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடித்த இடங்களை இருவரும் திருப்பிக் கொடுப்பது. ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணை நிற்பது. இரண்டே ஆண்டுகளில், 1771இல், மராட்டியர் ஹைதரைத் தாக்கியபோது அவர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. 1779இல், தம் பாதுகாப்பில் உள்ளது என்று ஹைதர் எச்சரித்திருந்தும் மாஹியைக் கம்பெனி கைப்பற்றிக்கொண்டது. அவ்வாண்டே சென்னை அரசு அவரைச் சமாதானப்படுத்தத் தஞ்சையிலிருந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சைத் தூது அனுப்பியது. தமிழில் வல்லவர், நேர்மையாளர். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் அந்தத் தூதரை மரியாதையாக நடத்தினார். அனுப்பியவர்களைத்தான் அவர் நம்பவில்லை.

ஹைதர் நம்மவர் என்பதற்காக ஒன்றை மறைப்பது நியாயமாகாது. அந்தப் படையெடுப்பில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் எரிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். புள்ளலூர்க் குடியானவன் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டவன் அல்லன். முறிக்கப்பட்டபோது தண்டனை மட்டும் அவனுக்கு வந்தது.

அந்த வரப்பில் நின்றபோது எனக்கு அமெரிக்காவின் நினைவு வந்தது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. பெய்லி சிறைப்பட்ட அதே காலத்தில் ஆங்கிலேயர் அமெரிக்கக் குடியேற்றங்களோடும் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். தம் பகைவனுக்குப் பகைவன் என்ற முறையில் ஹைதரின் புகழ் அங்கே பரவியிருந்தது. பென்சில்வேனியா மாநிலம் தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயரிட்டது. 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் ஜோஷுவா பார்னியின் தலைமையில் அக்கப்பல் தன்னிலும் வலிய ஆங்கிலக் கப்பலொன்றைச் சிறைபிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கு அருகே காலமானார்.

மறு ஆண்டு, 1783இல், ஐரோப்பிய வல்லரசுகள் தமக்குள் சமாதானம் செய்துகொண்டன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்ததும் திப்புவுக்குத் துணை நின்ற பிரெஞ்சுப் படை போரை நிறுத்திவிட்டது. அதே சமாதானத்தால், கடலுக்கு அப்பால், ஆங்கிலேயருக்குத் துணை நின்ற வேறொரு மக்களும் கைவிடப்பட்டார்கள். அவர்கள்தாம் இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் வாழ்ந்த மஸ்கோகி மக்கள். ஆற்றோரங்களில் வாழ்ந்ததால் ஆங்கிலேயர் அவர்களைக் 'கிரீக்' என்று அழைத்தனர். ஆங்கிலேயர் கைமாற்றிக் கொடுத்த நிலத்தில் அந்த மக்களின் ஊர்கள் இருந்தன என்ற குறிப்பே உடன்படிக்கையில் இல்லை.

அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று திரைப்படம் காட்டியதை நம்பியவர்கள் நம்மில் உண்டு. சோளம் விளைவித்து, சதுக்கத்தைச் சுற்றி ஊர் அமைத்து, ஊர்தோறும் 'மீக்கோ' என்னும் தலைவரோடு சபை கூடிப் பேசிய மக்கள் அவர்கள். வாரிசுரிமை தாய்வழி, மலையாள நாட்டின் மருமக்கள் தாயத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலம் அனைவருக்கும் பொது. எனவே ஒரு தலைவர் கையொப்பமிட்டு நிலத்தை விற்பது அவர்கள் வழக்கில் செல்லாது. ஜார்ஜியா மாநிலமோ 1783, 1785, 1786 ஆண்டுகளில் கைக்கு அகப்பட்ட சில தலைவர்களை மட்டும் வைத்து மூன்று உடன்படிக்கைகளை எழுதிக்கொண்டது. ஊரார் கூடாமல், யானை நடவாமல் வரைந்த எல்லை.

அவர்களுக்கு அப்போது தலைமை தாங்கியவர் அலெக்சாண்டர் மக்கில்லிவ்ரே. தந்தை ஸ்காட்லாந்து வணிகர். தாய் கிரீக் இனத்தின் காற்றுக் குலத்தவர். ஆங்கிலம் நன்கு எழுதக் கற்றவர். 1784இல் ஸ்பெயினோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அமெரிக்கரையும் ஸ்பானியரையும் எதிரெதிரே நிறுத்தித் தம் மக்களைக் காக்க முயன்றார். புதிய அமெரிக்க அரசின் அதிபர் வாஷிங்டனுக்கு அவரோடு சமாதானம் தேவைப்பட்டது. 1789 ஆகஸ்டில் தென்புறத்து இனங்களோடு செய்யவேண்டிய உடன்படிக்கைகள் பற்றி ஆலோசனை கேட்க வாஷிங்டன் நேரிலேயே செனட் சபைக்குச் சென்றார். சபையினர் உடனே விடை சொல்லாமல் குழு அமைத்துப் பார்க்கலாம் என்றதும் சினங்கொண்டார். இப்படி நேரில் சென்று ஆலோசனை கேட்கும் பழக்கம் அத்தோடு நின்றுபோயிற்று.

1790 கோடையில் மக்கில்லிவ்ரே ஏறத்தாழ முப்பது தலைவர்களோடு நியூயார்க் நகருக்கு வந்தார். பெரும் வரவேற்பு. ஆகஸ்டு 7 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஓக்கோனி ஆற்றை ஒட்டிய நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுப்பது; எஞ்சிய நிலம் அவர்களுக்கே என அமெரிக்கா உறுதி கூறுவது; ஆண்டுக்கு 1,500 டாலர் தருவது. இவை உலகறியச் சொன்னவை. இரகசியச் சரத்துகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றின்படி மக்கில்லிவ்ரேக்கு அமெரிக்கப் படையில் பிரிகேடியர் ஜெனரல் பதவியும் ஆண்டுக்கு 1,200 டாலரும் கிடைத்தன. ஸ்பெயினிடமும் அவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அவரைக் குறைகூற என் மனம் முழுமையாக இசையவில்லை. இரு யானைகளுக்கு நடுவே நின்ற மனிதர். ஆனால் தம் மக்களுக்குத் தெரியாத சரத்து ஒன்று இருக்கும் உடன்படிக்கை, அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மக்களுக்கு ஐயத்தையே தரும். 1793இல் அவர் இறந்தார்.

அதே 1790இன் ஜூன், ஜூலை மாதங்களில் நம் நாட்டில் திப்புவுக்கு எதிராகப் பேஷ்வாவோடும் நிஜாமோடும் கம்பெனி உடன்படிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தது. எழுதுவித்தவர், 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ்!

போரினால் பிடித்த நிலத்தைவிடக் கடனால் பிடித்த நிலம் நிலைத்து நிற்கும் என்பதை இரு கண்டத்தாரும் அறிந்திருந்தனர். செல்வாக்குள்ள பழங்குடித் தலைவர்கள் வணிகக் கிடங்குகளில் கடன்பட வேண்டும், கடன் மிஞ்சினால் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவார்கள் என்று 1803இல் அதிபர் ஜெஃபர்சன் ஓர் ஆளுநருக்குக் கடிதமே எழுதினார். கிரீக் மக்களின் அண்டை இனத்தவரான சாக்டாக்கள் 1805இல் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது கிடைத்த தொகையில் 48,000 டாலர் கடனுக்கே போயிற்று. இதைப் படிக்கும்போது சேப்பாக்கம் மாளிகை கண்முன் வரவில்லையா? ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா கம்பெனிக்கு என்றும் நண்பர். கம்பெனி ஊழியர்களே அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன்களின் ஊழலைப் பற்றி எட்மண்டு பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடிய உரை நிகழ்த்தினார். 1792இல் எழுதப்பட்ட உடன்படிக்கைப்படி படைச் செலவுக்கு ஆண்டுக்கு 9 இலட்சம் வராகன். கடன்காரர்களுக்கு ஆறு இலட்சத்துக்கும் மேல். தவணை தவறினால் குறித்த மாவட்டங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். கம்பெனியின் நட்பை மட்டுமே நம்பி, நாட்டின் வருவாயை அடகு வைத்த நவாபின் மீதும் குற்றம் உண்டு.

பகைவனான திப்புவுக்கு நேர்ந்தது நாமறிந்ததே. நண்பனுக்கு நேர்ந்தது என்ன? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே சில கடிதங்கள் கிடைத்தன என்று கூறி, நவாப் குடும்பம் திப்புவோடு உறவாடியது என்று கம்பெனி குற்றஞ்சாட்டிற்று. 1801 ஜூலை 15 அன்று நவாப் உம்தத்துல் உமரா காலமானார். அவருடைய மகன் கையொப்பமிட மறுத்தார். ஜூலை 31 அன்று வேறொரு வாரிசான அஜீமுத்தௌலா கையொப்பமிட்டார். நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு கம்பெனிக்கு. மறுத்தவரை விலக்கி, இசைந்தவரைத் தேடிப் பிடிக்கும் இந்த முறை ஜார்ஜியா கையாண்டதேயன்றி வேறில்லை.

கிரீக் மக்களின் கதையும் அப்படியே முடிந்தது. 1814 மார்ச்சில் ஜாக்சனோடு தோளோடு தோள் நின்று தம் இனத்தாரின் ஒரு பிரிவையே எதிர்த்துப் போரிட்டவர்கள் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜாக்சன் எழுதுவித்த உடன்படிக்கையில் 2 கோடியே 30 இலட்சம் ஏக்கர் பறிபோயிற்று. துணை நின்றவர்களின் நிலமும் அதில் அடக்கம். 1825இல் வில்லியம் மக்கின்டோஷ் என்னும் தலைவர் சபையின் ஒப்புதலின்றி நிலத்தை எழுதிக் கொடுத்தார். நிலத்தை விற்பவனுக்கு மரணம் என்ற தம் சட்டத்தின்படி அவருடைய மக்களே அவரைக் கொன்றார்கள். மறு ஆண்டு அந்த உடன்படிக்கை நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு மாற்றாக எழுதப்பட்டதிலும் ஜார்ஜியாவிலிருந்த நிலத்தில் பெரும்பகுதி போயிற்று. 1836இல் எஞ்சியவர்களை இராணுவம் மேற்கே ஓக்லஹோமா பக்கம் ஓட்டிச் சென்றது. இந்தப் புதிய நிலம் உங்களுக்கே என்று அங்கேயும் ஒரு காகிதம் கொடுக்கப்பட்டது.

அந்தக் காகிதத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2020 ஜூலை 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கிரீக் மக்களுக்கு உறுதியளிக்கப்பட்ட அந்நிலத்தைத் திரும்பப் பெற்றதாகக் காங்கிரஸ் எங்கும் சொல்லவில்லை, ஆகவே அது இன்னும் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலமே என்று தீர்ப்பளித்தது. குற்ற வழக்கு ஒன்றில் எழுந்த கேள்வி. டல்சா நகரின் பெரும்பகுதியும் அந்த எல்லைக்குள் வந்தது. 2022இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் மாநில அரசுக்கும் அங்கே ஒரு பங்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி அத்தீர்ப்பின் வீச்சைச் சற்றே குறைத்துவிட்டது. ஆயினும் நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஒரு வல்லரசு தன் காகிதத்தைத் தானே எடுத்துப் படித்துப் பார்த்தது.

அஸர் தொழுகையை வழியில் ஒரு தோப்பில் நிறைவேற்றிக்கொண்டு திருவாலங்காடு நிலையத்துக்குத் திரும்பினோம். ரயில் வரும்வரை மாணவர் கேட்டார்: "அந்தப் பையனுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள், ஹஜ்ரத்?" பரங்கிமலையையும் நியூயார்க்கையும் சொல்வேன், எழுபது பேரையும் சொல்வேன் என்றேன். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் அனைவரையும் அங்கே அழைத்துச் செல்லவேண்டும், இன்ஷா அல்லாஹ். பெண் யானை நடந்து கண்ட எல்லையை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.